முதலில் மாத்திரை நேரம், அப்புறம் மிக்கி

மே மாதம் நெருங்கும்போது என் அறைக்கு ஒரு வகைக் குடும்பங்கள் வர ஆரம்பிக்கும். மகனோ மகளோ அமெரிக்காவில் இருப்பார்கள். பேரப்பிள்ளைகளோடு எல்லோரும் சேர்ந்து ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போவதாகத் திட்டம். எந்த நாள் எந்தப் பூங்கா, எந்த ரைடுக்கு எப்போது வரிசை என்று மகன் அனுப்பிய அட்டவணை வாட்ஸ்அப்பில் இருக்கும். "அங்கே என்ன மேடம் சாப்பிடலாம்?" என்று கேட்பார்கள். "எத்தனை மணிக்குச் சாப்பிடப் போறீங்க?" என்று நான் கேட்டால் தாத்தா பாட்டியைப் பார்ப்பார், பாட்டி மருமகளைப் பார்ப்பார். அட்டவணையில் அதற்கு இடமே இருக்காது.

உணவியல் நிபுணராக நான் சொல்வது ஒன்றுதான். முதலில் சாப்பாட்டு நேரத்தை எழுதுங்கள். அப்புறம் அந்த நேரத்தில் நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எந்த உணவகம் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பேர்போன உணவகத்தில் மதியம் இரண்டரைக்கு மேசை கிடைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் எல்லோருடைய வயிறும் இரண்டரை வரை காத்திருக்கிறது.

காத்திருப்பதில் என்ன ஆபத்து? இளவயதுக்காரர்களுக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் எரிச்சல் வரும், அவ்வளவுதான். சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்சுலின் போடுபவர்களுக்கும் கதை வேறு. இந்த மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றுக்குள் சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்த்து வேலை செய்வதில்லை. வீட்டில் எட்டரைக்கு மாத்திரை, ஒன்பதுக்கு இட்லி, ஒரு மணிக்குச் சோறு என்று பழகிய உடம்பு அது. அங்கே காலையில் அவசரமாக அரை மஃபின் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மதியத்துக்குள் நாலைந்து கிலோமீட்டர் நடந்துவிடுவார்கள். நாள் முழுக்கப் பத்து கிலோமீட்டர் நடப்பது டிஸ்னியில் சாதாரணம். சாப்பாடும் தள்ளிப்போனால் லோ சுகர் வரத்தான் செய்யும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. ஆனால் நம் ஊரில் பலர் இரண்டும் கலந்த ஒரே மாத்திரையைத்தான் போடுகிறார்கள், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே. கிளம்பும் முன் அட்டையைத் திருப்பிப் படித்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், ஃபுளோரிடா வெயில். லோ சுகரின் அடையாளங்கள் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத கோபம். வெயிலில் வரிசையில் நிற்பவருக்கு வியர்த்தால் யாரும் சர்க்கரையை நினைப்பதில்லை. "அப்பாவுக்கு வெயில் ஒத்துக்கலை" என்று தண்ணீரைக் கொடுத்து நிழலில் உட்கார வைப்பார்கள். குளுக்கோமீட்டர் பையில் இருக்க வேண்டும், ஓட்டல் அறைப் பெட்டகத்தில் அல்ல. அளவு 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் அளவுக்கு உடனே ஏறும் சர்க்கரை தேவை: ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அல்லது அரை டம்ளர் பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் ஒழுங்கான சாப்பாடு. மிக்கி காது வைத்த ஐஸ்கிரீம் பக்கத்திலேயே விற்கும்; அது இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். டயட் கோக்கில் சர்க்கரையே கிடையாது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அவசரத்தில் கையில் கிடைத்த கேனை வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மயங்கிவிட்டாலோ விழுங்க முடியாவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஊழியரைக் கூப்பிடுங்கள்.

டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களிலும் (மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம்) முதலுதவி மையம் உண்டு. இன்சுலினைக் குளிராக வைத்துக்கொள்ளவும் அங்கே உதவுவார்கள்.

சரி, நேரத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து நேராகப் போய் இறங்குபவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் உடம்பு இந்திய நேரத்தில்தான் ஓடும். கோடையில் நமக்கும் ஆர்லாண்டோவுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே மதியம் இரண்டரை என்றால் உங்கள் உடம்புக்கு நள்ளிரவு. அங்கே இரவு ஏழு மணிக்கு மேசை போட்டால் உடம்புக்கு அதிகாலை நாலரை. நாலு வயதுக் குழந்தை அந்த நேரத்தில் தட்டின்மேல் தலை சாய்த்துத் தூங்கும், நீங்கள் கட்டிய பணம் கட்டியதுதான். அதனால் முதல் இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு எங்கேயும் முன்பதிவு செய்யாதீர்கள். எப்படியும் விடியற்காலை மூன்று மணிக்கே எல்லோரும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்; காலைச் சாப்பாட்டுக்கு வேண்டுமானால் போடுங்கள். மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட வேண்டாம்.

முன்பதிவு முறையையும் சொல்லிவிடுகிறேன், மகன் வேலையில் இருந்தால் இந்தப் பொறுப்பு இங்கிருக்கும் உங்களிடம் வரலாம். மேசையில் உட்கார வைத்துப் பரிமாறும் உணவகங்களுக்கு 60 நாள் முன்னதாகப் பதிவு திறக்கும். அங்கே காலை ஆறு மணி. நமக்குக் கோடையில் மாலை மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. டிஸ்னியின் சொந்த விடுதிகளில் தங்குபவர்களுக்கு ஒரு சலுகை: வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்பே, தங்கும் நாட்கள் முழுவதற்கும் (பத்து நாள் வரை) ஒரே மூச்சில் பதியலாம். ஆகவே கிராக்கி அதிகமுள்ள இடத்தைக் கடைசி நாட்களில் தேடுங்கள், போட்டி குறைவாக இருக்கும், ஜெட் லேக்கும் தீர்ந்திருக்கும். போகாமல் விட்டாலோ கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ பெரும்பாலான இடங்களில் தலைக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட்டால் போதும் என்பதுதான் பல இடங்களில் விதி. சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் உணவகம் போன்ற சிலவற்றில் முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்ட வேண்டும், விதிகளும் வேறு. பதியும்போதே டிஸ்னியின் செயலியில் படித்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு உட்கார்ந்து சாப்பிடும் இடம் ஒன்று போதும். இரண்டு போட்டால் நாள் முழுக்க மேசைக்கு ஓடுவதிலேயே போய்விடும். கேரக்டர் சாப்பாடு, அதாவது மிக்கியோ வின்னி த பூ கரடியோ வேடத்தில் மேசைக்கு மேசை வந்து படம் எடுத்துக்கொள்ளும் வகை, பயணத்துக்கு ஒரு முறை. பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 50 டாலரில் தொடங்கி மேலே போகும். டிஸ்னி கணக்கில் பத்து வயதானாலே பெரியவர்தான். சாப்பாடு சுமார், குழந்தை முகம் சுமார் அல்ல. அதற்குத்தான் காசு.

தூரத்தையும் பார்க்க வேண்டும். டிஸ்னி வேர்ல்டு ஒரு பூங்கா அல்ல, ஒரு சிறு நகரம். மேஜிக் கிங்டத்தில் இருக்கும் அன்றைக்கு கன்டெம்பரரி விடுதியின் ஷெஃப் மிக்கீஸ் சரிவரும், நடந்தே போய்விடலாம். அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா உணவகம் நம் குடும்பங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். நான் ரொட்டி, சட்னி, ஊறுகாய் வகைகளை ஒரு பெரிய தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள், சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். அதே சனாவை மேஜிக் கிங்டம் நாளின் நடுவில் போட்டால் பேருந்து, காத்திருப்பு எல்லாம் சேர்ந்து அரை நாள் போச்சு. ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்கு நேர்ப் பேருந்து கிடையாது, பூங்கா வழியாகவோ டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதி வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டும். சனாவை அனிமல் கிங்டம் நாளுக்கு வையுங்கள்.

மற்ற நேரச் சாப்பாடெல்லாம் கவுன்ட்டர் உணவகங்களில். மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலியில் மொபைல் ஆர்டர் இருக்கிறது. பன்னிரண்டரைக்குப் பசித்து அப்போது செயலியைத் திறந்தால் ஒன்றரைக்குத்தான் நேரம் காட்டும். காலையில் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதே பதினொன்றேகாலுக்குப் போட்டுவிடுங்கள். கூட்டத்துக்கு முன் சாப்பிட்டு முடித்து, ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பிப் படுத்து, நாலரை ஐந்துக்கு உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்குப் போவது வயதானவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் நன்றாகப் பொருந்தும் ஏற்பாடு. ஃபுளோரிடாவில் கோடைக்கால இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும், அப்போது ஏசிக்குள் இருப்பீர்கள். எப்காட்டில் மட்டும் கவனம்: பல நாட்டு உணவகங்கள் இருக்கும் வேர்ல்டு ஷோகேஸ் பகுதி வழக்கமாகப் பதினொரு மணிக்குத்தான் திறக்கும். பத்தரைக்குப் பசிப்பவர் கையில் பாதாமோ வாழைப்பழமோ இருக்கட்டும்.

இனி சைவம். அமெரிக்காவில் 'வெஜிடேரியன்' என்றால் முட்டை உள்ளே வரலாம், அவர்கள் கணக்கில் அது தப்பில்லை. டிஸ்னியின் மெனுக்களில் 2019 முதல் சிறு இலை அடையாளம் போடுகிறார்கள். அந்த இலை இருந்தால் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் சேர்க்காத உணவு. முட்டை சாப்பிடாத பாட்டிக்கு இந்த இலையைக் காட்டிக்கொடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அனிமல் கிங்டத்தின் சட்டுலி கேன்டீனில் சோறு, டோஃபு (சோயா பனீர்), காய் போட்ட கிண்ணம் கிடைக்கும், காரமான பொடி கையிலிருந்தால் இன்னும் நன்றாக இறங்கும். மேஜிக் கிங்டத்தின் கொலம்பியா ஹார்பர் ஹவுஸ் மாடியில் அமைதியாக உட்காரலாம் என்று பலர் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அது மீன் கடை. வாடை ஒத்துக்கொள்ளாதவரைக் கூட்டிப்போகாதீர்கள்.

இலை அடையாளம் இல்லாத இடத்தில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். காய்கறி சூப்பில் கோழிச் சாறு இருக்கலாம், பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சீசர் சாலட்டின் மேல் ஊற்றும் கலவையில் நெத்திலி வகை மீன் இருக்கும், மார்ஷ்மெல்லோ மிட்டாயில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். உருளை வறுவல் கோழி பொரித்த அதே எண்ணெயில் பொரித்ததா என்று கேளுங்கள், கேட்டால் சொல்வார்கள். வேர்க்கடலை, முந்திரி, கோதுமை, பால் ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் பதியும்போதே குறிப்பிடுங்கள், மேசையில் உட்கார்ந்ததும் மறுபடி சொல்லுங்கள். அதற்கென்று தனி மெனுவே வைத்திருக்கிறார்கள். சமையல்காரரே வந்து பேசும் வழக்கமும் உண்டு. இந்த விஷயத்தில் டிஸ்னியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாமா? போகலாம். பலருக்கு இது தெரியாது. கண்ணாடிப் பாத்திரம், மது, சூடுபடுத்த வேண்டிய உணவு, கடுமையான வாசனை உள்ள உணவு கூடாது. புளியோதரை கடுமையான வாசனைக் கணக்கில் வருமா என்று ஒருவர் கேட்டார். பெருங்காயம் எவ்வளவு போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது! தயிர்சாதம் வெயிலில் மதியத்துக்குள் புளிக்கும், அதனால் ஐஸ் பேக்கோடு எடுத்துப்போங்கள். பையில் அப்படியே கொட்டிய ஐஸ் கட்டிகளுக்கு அனுமதி இல்லை. சப்பாத்திச் சுருள், பொரி, வறுத்த கடலை, பழம் போதும். குடிதண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், பானம் ஊற்றித் தரும் கவுன்ட்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசம். கைக்குழந்தை இருந்தால் ஒவ்வொரு பூங்காவிலும் குழந்தைப் பராமரிப்பு மையம் உண்டு. பாலூட்ட அறை, உயர நாற்காலி, பருப்புச் சாதத்தைச் சுடவைக்க மைக்ரோவேவ் எல்லாம் அங்கே இருக்கும்.

ஊரிலிருந்து எடுத்துப்போவதில் இரண்டை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். ஒன்று பச்சைக் கறிவேப்பிலை: அது எலுமிச்சைக் குடும்பம், ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும், ஃபுளோரிடாக்காரர்கள் அந்த நோயால் நொந்துபோயிருக்கிறார்கள். இன்னொன்று அரிசி. பொடி வகைகளைக் கொண்டுபோனாலும் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஒரு தட்டு நம் வீட்டுப் பெரியவர்கள் இருவருக்குப் போதும். கவுன்ட்டரில் பகிர்ந்துகொள்வதை யாரும் கேட்கமாட்டார்கள், பெரியவர்களே குழந்தைகள் சாப்பாட்டை வாங்கிக்கொள்ளவும் செய்யலாம். பஃபேயில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை.

பில் வந்ததும் நம்மவர்கள் திகைப்பது மெனுவில் பார்த்த விலை அதில் இல்லாததால்தான். வரி தனி, 6.5 சதவீதம். பரிமாறியவருக்கு 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம், அதைத் தவிர்க்கப் பார்ப்பது நாகரிகமில்லை. தாத்தா பாட்டியோடு ஆறு பேர் சேர்ந்துவிட்டால் 18 சதவீதத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் டிப்ஸுக்கு ஒரு வெற்றுக் கோடும் இருக்கும். மேலே ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அந்தக் கோட்டுக்கு வாருங்கள்.