எரிபொருள் வரி மீது இத்தனை கோபம் ஏன்? கணக்குப் பார்க்கும் நாற்காலியிலிருந்து

எரிபொருள் வரி ஏறும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கும். "பூமி கொதிக்கிறது, இவர்களுக்கு மலிவான டீசல்தான் பெரிதாகப் போய்விட்டது" என்பது ஒன்று. "காலநிலை மாற்றம் என்பதே வரி பிடுங்கக் கிடைத்த சாக்கு" என்பது மற்றொன்று. சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள், சிறு தொழில் நடத்துபவர்கள் ஆகியோரின் கணக்கைப் பார்த்து வரி தாக்கல் செய்து கொடுப்பது என் வேலை. அந்த ஏடுகளை வைத்துப் பார்த்தால் இரண்டு பேச்சுமே அரைகுறை. வரி எவ்வளவு என்பதற்காக மக்கள் கொதிப்பதை விட, அது யார் தலையில், எப்போது விழுகிறது, வசூலான பணம் எங்கே போயிற்று என்பதற்காகக் கொதிப்பதுதான் அதிகம்.

சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து ஓட்டுபவரின் கணக்கைப் பாருங்கள். வாடகையாக 100 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் டீசலுக்கு 50 போகும். ஓட்டுநர் சம்பளம், வண்டித் தவணை, டயர், காப்பீடு, சுங்கம் எல்லாம் சேர்த்து 42. கையில் நிற்பது 8. புரிவதற்காக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். இப்போது டீசல் விலை 10 சதவீதம் ஏறுகிறது. 50 என்பது 55 ஆகும்; 8 என்பது 3 ஆகும். செய்தியில் வருவது "பத்து சதவீத உயர்வு". அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பணத்திலோ பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. தொலைக்காட்சியில் உட்கார்ந்து "பத்து சதவீதத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

வாடகையை ஏற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். பெரிய போக்குவரத்து நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. டீசல் விலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வாடகையும் அதற்கேற்ப ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவைப் போட்டுக்கொள்வார்கள். ஒற்றை வண்டிக்காரரிடம் பெரும்பாலும் ஒப்பந்தமே இருக்காது. தொலைபேசியில் பேசி முடித்த வாடகைதான். அதையும் அவர் ஏற்றினால் லோடு பக்கத்து வண்டிக்குப் போய்விடும். ஆகவே, என்னிடம் வருபவர்களிடம் வரியைத் திட்டுவதற்கு முன் அந்தப் பிரிவைக் கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். பத்தில் ஒருவருக்குக் கிடைத்தாலும் லாபம்தான்.

அடுத்ததாக, வரி அறிவிப்பைப் படிக்கும் விதம். காலநிலைக்கான வரியை அரசுகள் பெரும்பாலும் "ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இவ்வளவு" என்று அறிவிக்கும். டன் யாருக்குப் புரியும்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. டன்னுக்கு 50 யூரோ என்றால் பெட்ரோலுக்கு லிட்டருக்குச் சுமார் பதினொன்றரை சென்ட், டீசலுக்குச் சுமார் பதின்மூன்றரை சென்ட். அதன் மேல் மதிப்புக் கூட்டு வரி போடும் நாடுகளில் இன்னும் கொஞ்சம் கூடும். வரிக்கு மேல் வரி. இந்தப் பெருக்கலை ஒரு தடவை போட்டுப் பார்த்தால், பெட்ரோல் பங்கில் ஏறிய விலையில் எவ்வளவு காலநிலைக் கொள்கையால் வந்தது, எவ்வளவு கச்சா எண்ணெயால் வந்தது என்று பிரித்துவிடலாம். 2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு ஏறிய விலையைக் கூடக் காலநிலை வரியின் கணக்கில் எழுதியவர்கள் உண்டு. அதேபோல், பல நாடுகளில் எரிபொருள் வரியின் பெரும்பகுதி பூமி சூடாவதைப் பற்றி யாரும் பேசாத காலத்திலிருந்தே வசூலாகிற வெறும் வருவாய். அதற்குப் பச்சை வண்ணம் அடிப்பது அரசுகளுக்கும் வசதி, எதிர்ப்பவர்களுக்கும் வசதி.

பிரான்ஸின் மஞ்சள் அங்கிப் போராட்டத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் நிறையப் புரியும். அங்கே கார்பன் வரி 2017-ல் டன்னுக்கு 30.50 யூரோ, 2018-ல் அது ஒரே தாவலில் 44.60 ஆனது. 2022-க்குள் 86.20 வரை கொண்டுபோகச் சட்டமே இருந்தது. 2019 ஜனவரி முதல் தேதி டீசலுக்கு லிட்டருக்கு 6.5 சென்ட், பெட்ரோலுக்கு 2.9 சென்ட் ஏறவிருந்தது. ஏறும் படிகள் முன்கூட்டியே தெரிந்தால் மக்கள் அதற்கேற்ப வண்டியை மாற்றிக்கொள்வார்கள் என்பது பொருளாதாரப் பாடம். காகிதத்தில் குறை சொல்ல முடியாத திட்டம். 2018-ல் கச்சா எண்ணெயும் ஏறியது. ஆனாலும் அரசு படிகளைத் தள்ளிவைக்கவில்லை. நவம்பர் 17 அன்று நாடெங்கும் சுமார் 2.8 லட்சம் பேர் சாலைச் சந்திப்புகளை மறித்தார்கள். அவசரத்துக்கு அணிய ஒவ்வொரு காரிலும் வைத்திருக்க வேண்டும் என்று அரசே 2008-ல் கட்டாயமாக்கிய மஞ்சள் அங்கிதான் அவர்களின் சீருடை.

அவர்கள் யார்? கிராமங்களிலும் சிறு நகரங்களின் ஓரங்களிலும் இருந்து வேலைக்கு நெடுந்தூரம் காரில் போய் வருபவர்கள். பாரிஸில் இருப்பவருக்கு மெட்ரோ இருக்கிறது. இவர்களுக்கு காரை விட்டால் கதியில்லை. அந்தக் காரும் டீசல் கார். ஏன் டீசல்? பல பத்தாண்டுகளாக டீசலுக்குக் குறைந்த வரி போட்டு, அதை வாங்கும்படி பழக்கியதே அரசுதான். நேற்று "இதை வாங்கு" என்ற அதே கை இன்று அதற்காகவே அபராதம் போடுகிறது என்று அவர்களுக்குத் தோன்றியதில் தவறு காண முடியவில்லை. இதற்கு மேல், அதே 2018-ன் தொடக்கத்தில் பெரும் செல்வந்தர்களின் மொத்தச் சொத்து மீதான வரியை நீக்கி, வீடு நிலத்துக்கு மட்டுமான வரியாகச் சுருக்கியிருந்தார்கள். பங்குகளில் பணம் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய சலுகை. எரிபொருள் வரியில் கூடுதலாக வந்த பணத்தின் பெரும்பகுதியோ பொதுக் கணக்கில் கலந்தது. மேலே இருப்பவருக்குக் குறைத்து, கீழே இருப்பவரிடம் கூட்டி, நடுவில் பூமியின் பெயர். "உலகம் முடியப்போவதும் மாதம் முடிவதும் ஒரே போராட்டம்" என்று அங்கே பதாகைகளில் எழுதினார்கள். காலநிலை மாற்றமே இல்லை என்று சொல்பவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில் அரசு உயர்வை நிறுத்திவைப்பதாக அறிவித்து, பிறகு கைவிட்டது. வரி அந்த 44.60-லேயே நின்றுபோனது.

அந்தக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்ட இன்னொரு கேள்வி விமானத்தைப் பற்றியது. என் காருக்கு வரி, விமானத்துக்கு இல்லையா? உண்மைதான். பன்னாட்டு விமானங்கள் எரிக்கும் மண்ணெண்ணெய்க்கு வழக்கமாக வரி கிடையாது. விமானத்தின் தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் எரிபொருளுக்கு வரி போடக் கூடாது என்று 1944-ன் சிகாகோ உடன்படிக்கை சொல்கிறது. நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட விமானப் போக்குவரத்து ஒப்பந்தங்கள் அந்த விலக்கை அகலமாக்கிவிட்டன. சட்டக் காரணம் இருக்கிறது. வேலைக்குப் போகக் கார் ஓட்டுபவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பாடமாக இருப்பது ஈரான். ஒரே நாடு, ஒரே பெட்ரோல், இரண்டு முறை. 2010 டிசம்பரில் மானியத்தை வெட்டி, பங்கீட்டில் கிடைக்கும் பெட்ரோலின் விலையை ஒரே நாளில் நான்கு மடங்காக்கினார்கள். அதற்கு முன்பே மக்களின் வங்கிக் கணக்கில் ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் என்று பணம் போட்டிருந்தார்கள். விலை ஏறும் நாள் வரை அதை எடுக்க முடியாது, ஆனால் கணக்கில் நிற்பது கண்ணுக்குத் தெரியும். பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. 2019 நவம்பரில் நள்ளிரவில் திடீரென அறிவித்தார்கள்: மாதம் 60 லிட்டர் வரை 50 சதவீத உயர்வு, அதற்கு மேல் மூன்று மடங்கு விலை. வருகிற பணத்தை ஏழைகளுக்கே தருவோம் என்றார்கள். முதலில் வந்தது விலை, பணம் பிறகு வரும் என்ற வாக்குறுதி. நாடே எரிந்தது. இணையத்தைப் பல நாட்கள் முடக்கினார்கள். 300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி இன்டர்நேஷனல் பதிவு செய்தது. பொருளாதாரத் தடைகள், வேலையின்மை, ஆட்சி மீதான வெறுப்பு எல்லாம் 2019-ல் சேர்ந்துகொண்டன என்பதை மறுக்கவில்லை. 2010-ல் கொடுத்த பணத்தைப் பிற்பாடு பணவீக்கம் தின்றதும் உண்மை. ஆனால் பணத்தை முதலில் கொடுத்துவிட்டு விலையை ஏற்றுவதற்கும், விலையை ஏற்றிவிட்டுப் பணம் தருவதாகச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை வாடிக்கையாளர்களின் பணப்புழக்கத்தைப் பார்க்கும் எவரும் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்கள். மாதக் கடைசியில் கையில் எதுவும் இல்லாதவருக்கு, மூன்று மாதம் கழித்து வரப்போகும் ஈடு ஈடாகவே தெரியாது.

திருப்பிக் கொடுத்தும் தோற்ற கதை கனடாவுடையது. 2019-ல் மத்திய அரசு டன்னுக்கு 20 டாலரில் தொடங்கிய வரி 2024 ஏப்ரலில் 80 ஆனது. பெட்ரோலுக்கு லிட்டருக்குச் சுமார் 17.6 சென்ட். வசூலில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வரியாகக் கட்டியதையும் திரும்ப வந்ததையும் மட்டும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு லாபம். பிறகு ஏன் வெறுத்தார்கள்? முதலில் அந்தப் பணம் ஆண்டு வரிப் படிவத்துக்குள் ஒரு பதிவாகப் புதைந்து கிடந்தது. 2022 ஜூலையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வங்கிக் கணக்குக்கு வந்தது, ஆனால் பாஸ்புக்கில் எதற்கான பணம் என்று விளங்காத ஏதோ ஒரு குறிப்போடு. "கனடா கார்பன் தள்ளுபடி" என்று பெயர் மாற்றியது 2024 பிப்ரவரியில்தான்; அதற்குள் "வரியை வெட்டு" என்ற முழக்கம் ஊரெல்லாம் பரவிவிட்டது. வரியோ பெட்ரோல் பங்கில் வண்டிக்கு நிரப்பும் ஒவ்வொரு தடவையும் பெரிய எழுத்தில் மின்னியது. நடுவில், 2023 அக்டோபரில், வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று ஆண்டு விலக்குக் கொடுத்தார்கள். அந்த எண்ணெயை அதிகம் பயன்படுத்துவது கிழக்குக் கடற்கரை மாகாணங்கள். எரிவாயுவில் சூடாக்கும் மற்ற மாகாணத்தவர்கள் "எங்களுக்கு?" என்று கேட்டார்கள். விலக்கு என்பது ஒரு செங்கல்லை உருவுவது போல. அதற்குப் பிறகு சுவர் நிற்பது கடினம். 2025 ஏப்ரல் 1 முதல், மார்க் கார்னி அரசு நுகர்வோர் எரிபொருள் மீதான கார்பன் வரியைப் பூஜ்யமாக்கியது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நாட்டில் இப்படி வரியோ ஈட்டுத்தொகையோ இருந்தால், கடந்த ஓராண்டு வங்கி அறிக்கையை எடுத்து அந்த வரவைத் தேடிப் பாருங்கள். எரிபொருள் ரசீதுகளைக் கூட்டி, லிட்டரை மேலே சொன்ன கணக்கால் பெருக்கினால் நீங்கள் கட்டியது தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபின் கோபப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். சிலருக்கு லாபம் வரும், சிலருக்கு நட்டம். நட்டப்படுபவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் இல்லை. ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பார், மற்றவர் தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுவார். ஏழை, பணக்காரர் என்று மட்டும் பிரித்துப் பார்க்கும் அறிக்கைகள் இந்த இரண்டாமவரைக் காட்டுவதே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வரியை உறைய வைப்பதும் இலவசமில்லை. பிரிட்டனில் பணவீக்கத்துக்கு மேல் ஆண்டுதோறும் வரியை ஏற்றும் முறை 1993-ல் வந்தது. 2000 செப்டம்பரில் லாரிக்காரர்களும் விவசாயிகளும் எண்ணெய்க் கிடங்குகளை மறித்தார்கள். 2011 முதல் 2025 வரை எந்த நிதியமைச்சரும் அந்த வரியை ஏற்றவில்லை. மலிவு எரிபொருளில் அதிகம் மிச்சம் பிடிப்பவர் அதிகம் எரிப்பவர்தான். பெரிய வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர். என் லாரிக்காரரின் பெயரைச் சொல்லி வாங்கும் சலுகையில் அவரை விட வசதியானவர்களுக்குப் போவது கணிசம்.

இனி வரப்போகும் பெரிய சோதனை ஐரோப்பிய ஒன்றியத்தில். சாலைப் போக்குவரத்துக்கும் வீடுகளைச் சூடாக்குவதற்கும் புதிய கார்பன் விலை 2027-ல் வரவிருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2028-க்குத் தள்ளியிருக்கிறார்கள். அதோடு பிணைத்து, எளியவர்களுக்காக சுமார் 86.7 பில்லியன் யூரோ மதிப்பிலான சமூகக் காலநிலை நிதி, விலை கடிக்கும் முன்பே 2026-ல் தொடங்கும்படி வைத்திருக்கிறார்கள். வரிசை சரி. பணம் சரியான கைக்குப் போக வேண்டுமே என்பதுதான் கவலை. வாடகை வீட்டில் இருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கொதிகலனை மாற்றும் உரிமை வீட்டுக்காரருக்கு. எரிபொருள் ரசீது குடியிருப்பவருக்கு. எத்தனை விலை ஏறினாலும் வீட்டுக்காரருக்கு உறைக்காது. இதற்கு ஜெர்மனி 2023 ஜனவரி முதல் ஒரு வழி செய்திருக்கிறது. குடியிருப்புக் கட்டடத்தின் கார்பன் செலவைப் பத்துப் படிகளாகப் பிரித்து, கட்டடம் எவ்வளவு மோசமோ அவ்வளவு அதிகப் பங்கை வீட்டுக்காரர் தலையில் வைக்கிறது. கடைசிப் படியில் அவருடைய பங்கு 95 சதவீதம். கொதிகலனை மாற்றக்கூடியவரின் பையிலிருந்தே பணம் போகிறது. லாரி வாடகை ஒப்பந்தங்களிலும், சரக்கை ஏற்றிவிடும் நிறுவனத்துக்கும் வண்டிக்காரருக்கும் நடுவில் இப்படி ஒரு பங்கீட்டைச் சட்டமாகவே எழுதலாம் என்பது என் கட்சி.