அப்ஸ்ட்ராக்ட் ரீசனிங்: சரியான தமிழ் எது?

அக்கா மகள் வேலைத் தேர்வுக்குப் படிக்கிறாள். சேலம் அம்மாபேட்டையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பயிற்சிச் செயலி ஒன்றைத் தமிழுக்கு மாற்றியவள், "சுருக்கப் பகுத்தறிவுன்னா என்ன மாமா?" என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தால் அது அப்ஸ்ட்ராக்ட் ரீசனிங். எரிச்சலாக வந்தது, ரெண்டு சொல்லுமே தப்பு. ஆய்வுக் கட்டுரையின் தொடக்கத்தில் வருகிற அப்ஸ்ட்ராக்ட்தான் சுருக்கம். பகுத்தறிவு என்றாலோ நமக்குப் பெரியார்தான் நினைவுக்கு வருவார்.

மூலம் லத்தீன். 'அப்ஸ்' என்றால் விலக்கி, 'த்ராஹெரே' என்றால் இழுப்பது, ஆக ஒன்றிலிருந்து இன்னொன்றை உருவி எடுப்பது. கட்டுரையிலிருந்து சாரத்தை உருவினால் சுருக்கம், படங்களிலிருந்து விதியை உருவினால் இந்தத் தேர்வு. மூன்றுக்கு மூன்று கட்டம், எட்டில் படம், ஒன்பதாவது காலி, அதில் எந்தப் படம் வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அம்பு ஒவ்வொரு கட்டத்துக்கும் 90 பாகை திரும்பும், புள்ளி ஒன்று கூடும். ஆங்கிலேய உளவியலாளர் ஜான் ரேவன் 1938இல் வெளியிட்ட தேர்வு இந்த வகைதான்.

அவள் அம்மா வாசலில் போட்டிருந்த கோலத்தைக் காட்டினேன். "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை" என்று சொன்னால் போதும், நடுவரிசையில் 15, இரு பக்கமும் 14, 13 என்று குறைந்து 8இல் நிற்கும், படமே பார்க்காமல் கை வைத்துவிடும். கோலத்துக்கு உருவம் உண்டு, அந்த ஒரு வரி விதிக்குக் கிடையாது. அதனால்தான் அப்ஸ்ட்ராக்டுக்கு 'அருவம்' என்கிறேன்.

ரீசனிங்குக்குச் சைவ அளவை (தர்க்க) நூல்களில் அழகான சொல் இருக்கிறது: அறியும் வழிகளான காண்டல், கருதல், உரை என்பதில் நடுவில் உள்ளது. புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். ஆனால் இன்றைக்குக் கருதுவது என்றால் வெறுமனே நினைப்பதுதான், குழப்பும். எழுத்தில் 'அருவ ஏரணம்' (ஏரணம் என்றால் தர்க்கம்), பேச்சில் 'ஒழுங்கறிதல்' என்பேன்.

அப்புறம் செயலியில் நேரக்கணக்கை நிறுத்தச் சொன்னேன். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் விதியை வாய்விட்டுத் தமிழில் சொல், பிறகு தேடு. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தவள் சொன்னாள்: "கறுப்புக் கட்டம் ஒண்ணு விட்டு ஒண்ணு நகருது மாமா, வட்டம் சும்மா ஏமாத்துது."