சேலை மெத்தையை மெஷினில் கொடுக்காதீர்கள்

சென்ற ஐப்பசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெண் துணிப்பையோடு என் கடைக்கு வந்தார். உள்ளே, பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த மெத்தை. ஒரு பக்க ஓரம் பிரிந்து தொங்கியது. “அக்கா, மெஷினில் சுற்றி நான்கு ஓட்டு ஓட்டிக் கொடுத்துவிடுங்கள்” என்றார். மகளுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது, அதற்குள் வேண்டும்.

பிரிந்த ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தேன். மேலே வெளுத்துப்போன வாயில் (voile) என்னும் மெல்லிய பருத்திச் சேலை. அதற்கடியில் நீலக் கட்டம். இன்னும் உள்ளே, ஐந்தாவது அடுக்காக, அரக்கு நிறத்தில், முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய ஒரு சுங்குடிச் சேலை. வெயிலே படாததால் அதன் புள்ளிகள் நேற்றுத்தான் முடிச்சவிழ்த்தது போல இருந்தன.

பாளையங்கோட்டையில் 22 ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். மழைக்காலம் வந்தால் இப்படி ஒன்றிரண்டு மெத்தை வந்துவிடும். எதையும் மெஷினில் தைக்க நான் சம்மதிப்பதில்லை. மெஷின் ஊசி ஓர் அங்குலத்துக்குள் பத்துப் பன்னிரண்டு துளை போடும். துவைத்துத் துவைத்து நைந்த துணியில் அத்தனை துளை வரிசையாக விழுந்தால், தபால்தலைத் தாளைப் போல அந்த வரியிலேயே கிழிந்துவிடும். பாலியெஸ்டர் நூல் இன்னும் மோசம். நூல் அறாது, துணியைத்தான் அறுக்கும். கையால் விடும் ஓட்டுத் தையல் நீளமானது, சற்றுத் தளர்வானது. எல்லா அடுக்குகளையும் கோத்துக்கொண்டு வரிவரியாகப் போவதால் ஒரு தையல் விட்டாலும் பக்கத்துத் தையல் தாங்கிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் இதைச் சேலை மெத்தை என்போம். பஞ்சு அடைப்பதில்லை. மார்கழிப் பனிக்கும் குற்றாலச் சாரலுக்கும் ஐந்தாறு சேலையே போதும். பத்தமடைக் கோரைப்பாயின் மேல் விரித்தால் பிள்ளைபெற்றவளுக்குப் படுக்கை தயார். பிறந்த குழந்தைக்குப் பழந்துணிதான் முதலில் என்று பெரியவர்கள் சொல்வதைத் தையல்காரியாக நான் முழுமனதோடு ஏற்கிறேன். கஞ்சிப்பசை அறவே போன பழம்பருத்தியின் மென்மை எந்தப் புதுத்துணியிலும் வராது. ஆனால் கைக்குழந்தையின் மேல் மெத்தையைத் தளர்வாகப் போர்த்திவிட்டு நகராதீர்கள். முகத்தை மூடினால் மூச்சு முட்டும்.

கரிசல் காட்டுக் கருங்கண்ணிப் பருத்தி, 1885-இல் விக்கிரமசிங்கபுரத்தில் தொடங்கிய ஹார்வி ஆலை, வீரவநல்லூர்த் தறிகள் என்று பருத்தியோடு வளர்ந்த திருநெல்வேலிச் சீமை இது. இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் வேலை விலைக்குப் போனது, எழுத்திலும் பதிவானது. சேலை மெத்தை வீட்டுப்படி தாண்டவில்லை. அதைத் தைத்தவர்களின் பெயரும் வீட்டோடு நின்றுவிட்டது.

வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர். நம்முடைய கந்தையும் அதே வேரில் வந்த சொல்தான். அங்கே பழஞ்சேலையின் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்தார்கள். கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் விரிப்பைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து, நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணிப்பூ வைத்தால்தான் அவர்களுக்கு வேலை முழுமையாகும். இவையெல்லாம் இன்று கண்காட்சிகளில் தொங்குகின்றன. நாமோ கந்தல் என்று வெட்கப்பட்டு, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரிடம் போட்டுவிடுகிறோம். மூன்று தலைமுறைச் சேலைகள் ஓர் எவர்சில்வர் டப்பாவுக்குப் போவதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

புதிதாகத் தைக்க விரும்புகிறவர்கள் பருத்தியோடு பருத்தியை மட்டும் சேருங்கள். சந்தேகமாக இருந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கருமணியாகத் திரளும். அடுக்குகளை விரித்த பிறகு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருக்கம் நீவி, பெரிய தையலாக ஓட்டிக்கொண்டு, பிறகு வரி பிடியுங்கள். நூலும் பருத்தி நூலாகவே இருக்கட்டும். துவைக்கும்போது முறுக்கிப் பிழியக் கூடாது. கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனமே தையலை இழுத்துவிடும். பாய்மேல் பரப்பி நிழலில் காயவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

அம்பாசமுத்திரத்து மெத்தையைக் கையாலேயே தைத்து முடிக்க எனக்கு 11 நாள் ஆயிற்று. ஒரு மூலையில் நான்கு விரல் அகலத்துக்குத் தைக்காமல் விட்டு, நாடா வைத்திருக்கிறேன். அவிழ்த்தால் சுங்குடி தெரியும். பின்பக்கம் ஒரு வெள்ளைத் துண்டு வைத்து, எந்த அடுக்கு யாருடைய சேலை என்று நூலால் எழுதினேன். அந்தப் பெண் கடையில் உட்கார்ந்தபடியே தன் அம்மாவுக்கு போன் செய்து ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொன்னார். வாயில் சேலை அம்மாவுடையது, நீலக் கட்டம் ஆச்சியுடையது. சுங்குடி யாருடையது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. சங்கரன்கோவிலில் இருக்கும் பெரியம்மாவைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.