கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறீர்களா? ஓய்வூதியப் பிடித்தத்தை முதல் மாதமே பாருங்கள்

தென்கொரியாவுக்கு இ-2 விசாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் யாராவது பேசினால் நான் முதலில் கேட்பது இதுதான்: சம்பளச் சீட்டில் ‘குங்மின் யோன்கும்’ என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா? அதுதான் அங்கே தேசிய ஓய்வூதியம். பலருக்கு அந்த ஞாபகம் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில்தான் வருகிறது, அதற்குள் பாதிக் காரியம் கெட்டிருக்கும்.

விதி சின்னதுதான். 2025 வரை சம்பளத்தில் 9 சதவீதம், 2026 முதல் 9.5, பிறகு வருடத்துக்கு அரை சதவீதமாகக் கூடி 2033இல் 13. பாதி நீங்கள், பாதி முதலாளி. 24 லட்சம் வொன் சம்பளம் என்றால் இப்போது உங்கள் பங்கு மாதம் 1,14,000 வொன். ஒரு வருடம் முடித்து நாட்டை விட்டுப் போகும்போது இரண்டு பங்கும் சேர்ந்து 27 லட்சத்துக்கு மேல் வரும், வட்டி தனி.

வரும், எல்லாருக்கும் அல்ல. உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்றால் மொத்தமாகத் திரும்பக் கிடைக்கும். இந்திய பாஸ்போர்ட்டுக்கும் கிடைக்கும், இரு நாடுகளுக்கும் இடையே 2011இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. தென்னாப்பிரிக்கர்களிடம் பிடிக்கவே கூடாது. பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்துக்காரர்களிடம் பிடிப்பார்கள், கிளம்பும்போது திருப்பித் தர மாட்டார்கள். டொரண்டோவில் வளர்ந்த தமிழ்ப் பையனும் லண்டனில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணும் ஒரே பள்ளியில் ஒரே சம்பளத்துக்கு வேலை பார்த்தால் அவனுக்குப் பணம், அவளுக்குப் பூஜ்யம். பிரிட்டனுடன் ஒப்பந்தம் இருக்கிறதே என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது பிரிட்டிஷ் நிறுவனம் அனுப்பிவைக்கும் ஊழியருக்கான விலக்கு, கொரிய முதலாளியிடம் நேராக வேலைக்குச் சேர்ந்தவருக்கு உதவாது.

சரி, பாஸ்போர்ட் சரியாக இருந்தாலும் பணம் எங்கே போகிறது? பெரும்பாலும் ஹாக்வொன்களில்தான் சிக்கல். நம்மூர் டியூஷன் சென்டர் மாதிரியான தனியார் பயிற்சி மையங்கள் அவை. நான் வேலை பார்த்த இடத்தில் பத்து மாதம் மாதாமாதம் பிடித்தார்கள், ஓய்வூதிய அலுவலகத்தில் கட்டியது நான்கு மாதத்துக்கு. கேட்டபோது “கணக்காளர் லீவு” என்றார்கள். அடுத்த வாரமும் கணக்காளர் லீவுதான். கட்டப்பட்ட மாதங்களுக்குத்தான் பணம் திரும்பும், அதனால் சீட்டில் பிடித்தம் இருப்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டவர் பதிவு அட்டையை எடுத்துக்கொண்டு ஓய்வூதிய அலுவலகத்தின் ஏதாவது ஒரு கிளைக்கு நீங்களே போய், எந்தெந்த மாதம் கட்டப்பட்டிருக்கிறது என்று அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். 1355 என்ற எண்ணிலும் கேட்கலாம். முதலாளியிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போங்கள்.

இன்னொரு தந்திரம் 3.3 சதவீதம். சீட்டில் ஓய்வூதியமே இல்லாமல் 3.3 மட்டும் பிடித்திருந்தால் உங்களை ஊழியராகக் காட்டாமல் ‘சுயதொழில் செய்பவர்’ என்று எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கைக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், அதைக் காட்டித்தான் ஆளை மயக்குவார்கள். முதலாளியின் பாதிப் பங்கு போயிற்று, அப்புறம் வேலையை விடும்போது சேரவேண்டிய ‘தொய்ஜிக்கும்’ என்ற பணிக்கொடைக்கும் தகராறு செய்வார்கள். நேரம் சொல்லி, இடம் சொல்லி, பாடப்புத்தகமும் கொடுத்து வேலை வாங்குகிறவர்கள் உங்களைச் சுயதொழில் என்பது எந்த ஊர் நியாயமோ! வகுப்பு அட்டவணை, முதலாளி அனுப்பிய குறுஞ்செய்திகள், வங்கியில் சம்பளம் ஏறிய பதிவு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஓய்வூதிய அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பழைய மாதங்களைச் சேர்த்தால் உங்கள் பங்கையும் மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள், அதற்குப் பணம் வைத்திருங்கள்.

“ஓய்வூதியப் பணம் வருகிறதே, அதுதான் பணிக்கொடை” என்று முதலாளி சொன்னால் பொய். இரண்டும் வேறு வேறு. பணிக்கொடைக்கு ஒரு வருடம் முழுதாக வேலை செய்திருக்க வேண்டும், பதினோராம் மாதத்தில் திடீரென்று உங்கள் மேல் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய மாதத்தில் பாஸ்போர்ட், பதிவு அட்டை, வங்கிக் கணக்கு விவரம், ஒரு மாதத்துக்குள் பறக்கும் டிக்கெட் இவற்றோடு கிளைக்குப் போங்கள். ஊருக்குப் போய் விண்ணப்பிக்கலாம் என்று விட்டால் நோட்டரி, அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) என்று அலைய வேண்டும். நீங்கள் வேலையை விட்டதை முதலாளி பதிவுசெய்தாரா என்றும் அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கணினியில் நீங்கள் இன்னும் வகுப்பெடுத்துக்கொண்டிருப்பீர்கள், பணம் நகராது. கடைசி மாதத் தொகை அடுத்த மாதம்தான் கட்டப்படும், எனவே அது தாமதமாக வரும். வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அப்பா பெயரை முன்னும் பின்னும் மாற்றி எழுதும் நமக்கு இது தனித் தலைவலி. கொரிய வங்கிக் கணக்கைக் கொடுத்திருந்தால் எல்லாப் பணமும் வந்து சேரும்வரை அதை மூடாதீர்கள்.