கிரில்: கம்பியின் பெயர், நெருப்பின் பெயர்

சேலத்தில் 'கிரில் எங்கே கிடைக்கும்?' என்று கேட்டால் ஒருவர் வெல்டிங் பட்டறைக்கு வழி சொல்வார், இன்னொருவர் கோழிக்கடைக்கு. பட்டறைக்கு வழி சொன்னவர்தான் சொல்லின் பிறப்புக்குக் கிட்டத்தில் நிற்கிறார்.

லத்தீனில் குச்சிகளை வைத்து முடைந்த தட்டிக்கு 'கிராட்டிஸ்' என்று பெயர். சின்னத் தட்டி 'கிராட்டிகுலா'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'கிரில்' ஆனது. ஆக, ஜன்னல் கம்பியும் கறி சுடும் கம்பித்தட்டும் ஒரு தாய் மக்கள். பார்பெக்யூவும் இதே கதைதான். கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் குச்சிகளால் கட்டிய பரணுக்கு வைத்திருந்த சொல், ஸ்பானிய மொழியில் 'பார்பகோவா' ஆகி, பிறகு ஆங்கிலத்துக்கு வந்தது. தடித்த கறித்துண்டைக் குறிக்கும் ஸ்டேக், ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழிச் சொல். குச்சியில் குத்திச் சுட்டது என்று பொருள். ரோஸ்டுக்குக்கூட, ஜெர்மன் மொழியில் சுடுகம்பித் தட்டைக் குறிக்கும் 'ரோஸ்ட்' என்ற சொல்லோடு உறவு உண்டு. நம்மூரில் ரோஸ்ட் என்றதும் முறுகலான தோசைதான் நினைவுக்கு வரும், அது வேறு கதை.

நான்கு சொல்லும் கறியைத் தாங்கும் குச்சியையோ கம்பியையோ பார்த்து வைத்த பெயர்கள். தமிழ் அப்படிப் பெயர் வைக்கவில்லை. நெருப்பு என்ன செய்கிறது என்று பார்த்து வைத்தது. நேராக அனலில் காட்டினால் சுடுதல். மெல்லிய சூட்டில் நீர் வற்றித் துவள விட்டால் வாட்டுதல். எண்ணெயில் போட்டால் பொரித்தல். சட்டியில் புரட்டினால் வறுத்தல். எந்த அடுப்பு, எந்தத் தட்டு என்ற கேள்வியே இல்லை.

போன குளிர்காலத்தில் ஏற்காட்டில் ஒரு விடுதியின் பின்கட்டில் கரி அடுப்பைப் பார்த்தேன். வாயில் இரும்புக் கதவு போட்ட பெட்டி. அடியில் கரி, மேலே கம்பித்தட்டு, காற்றைக் கூட்டவும் குறைக்கவும் கீழே ஒரு தகடு. இரண்டு விரல் தடிமனில் கறித்துண்டுகள் உப்பும் மிளகும் பூசிக்கொண்டு காத்திருந்தன. "போடலாமுங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன். "இருங்க சார், இன்னும் நீறு பூக்கலீங்களே" என்றார். கங்கின் மேல் வெள்ளையாகச் சாம்பல் படர வேண்டுமாம். நீறு பூத்த நெருப்பு என்பதை அடங்கிக் கிடக்கும் கோபத்துக்கு மட்டுமே எழுதிப் பழகியவன் நான். அங்கே அது சமையல் பக்குவம். விறகிலிருந்து கரி சுடும்போதே புகையும் தீ நாக்கும் எழுப்பும் சத்துகள் பெரும்பாலும் வெளியேறிவிடும். அதனால்தான் கரி பற்றிய பிறகு கொழுந்து விடாமல் தணலாக நின்று எரிகிறது. கறியின் மேல்புறம் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நன்றாகச் சிவந்து மணம் பிடிக்கும். அந்த வேதிவினையை 1912-ல் விளக்கிய பிரெஞ்சுக்காரர் மையார் பெயரால்தான் இன்றும் அதைச் சொல்கிறார்கள். துண்டைத் தட்டில் வைத்ததும் கொழுப்பு கங்கில் சொட்டிச் 'சுர்' என்றது. கதவை மூடியதும் அந்தப் புகை கறியிலேயே திரும்ப ஏறியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பட்டினப்பாலை 'கடல் இறவின் சூடு தின்றும், வயல் ஆமைப் புழுக்கு உண்டும்' என்கிறது. சுட்ட இறால் 'சூடு'. வேகவைத்த ஆமை 'புழுக்கு'. கிரில் செய்த பண்டத்துக்கு இதைவிடக் கச்சிதமான சொல் வேண்டுமா? பொருநராற்றுப்படையில் 'காழின் சுட்ட கோழ் ஊன் கொழும் குறை' வருகிறது. காழ் என்பது கறி குத்தும் கோல். நம் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் கோலில் செருகிச் சுழலும் 'கிரில் சிக்கன்' இருக்கிறதே, அது கம்பித்தட்டையே தொடுவதில்லை. நியாயமாக அது காழ்க்கோழி. அதே வரியில் 'குறை' என்றால் வெட்டிய துண்டு, ஸ்டேக்கேதான். ஆனால் இன்று ஓட்டலில் "ஒரு குறை கொடுங்க" என்றால் சர்வர் மேனேஜரைக் கூட்டி வந்துவிடுவார். எனவே அதை விட்டுவிடலாம். 'தடி' என்ற சொல்லுக்கும் ஊன் துண்டு என்ற பழைய பொருள் உண்டு. நார்ஸ்காரர் குச்சியில் குத்தியதை ஸ்டேக் என்றார்கள். இங்கே குச்சிக்கும் கறிக்கும் ஒரே சொல்.

என் கணக்கில் கிரில் செய்தது சுட்டகறி, முழுத்தொடையை மெதுவாக ரோஸ்ட் செய்தது வாட்டுகறி, ஸ்டேக் தடிக்கறி. கரி அடுப்புக்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். நகைப்பட்டறையிலும் பழைய வீட்டுச் சமையலறையிலும் புழங்கிய குமுட்டி அடுப்பு இருக்கிறது. கதவு போட்டால் மூடுகுமுட்டி. ஒரே ஓர் எச்சரிக்கை: எழுதும்போது கரியையும் கறியையும் மாற்றிவிட்டால் தட்டில் என்ன வரும் என்று சொல்ல முடியாது.

மாஸ்டரிடம் பலகையில் 'இறால் சூடு' என்று எழுதிப் பாருங்களேன் என்றேன். "எழுதலாமுங்க. ஆனா ஆறிப்போன இறாலும் இருக்கான்னு கேப்பாங்களே" என்றார்.