சைபர்: பூஜ்யமா, சுக்கானா?

"கணக்கில் சைபர் வாங்கினான்" என்று பெரியவர்கள் சொல்லும் சைபர் வேறு, சைபர் பாதுகாப்பில் வரும் சைபர் வேறு. முதலாவது, நம் சூன்யத்தை அரபியர் 'சிஃப்ர்' என்று மொழிபெயர்க்க, அது ஐரோப்பா போய்ப் பூஜ்யம் என்றும், ரகசிய எழுத்து என்றும் இரண்டு பொருளோடு திரும்பி வந்த சொல். அந்த ரகசிய எழுத்தை வைத்துக்கொண்டு இரண்டு சைபரும் ஒன்றுதான் என்று நானும் கொஞ்ச நாள் நம்பியிருந்தேன்.

இரண்டாவது சைபருக்கு மூலம் கிரேக்கம். 'குபெர்னேத்தெஸ்' என்றால் கப்பலில் சுக்கான் பிடிப்பவர், நம் பழைய தமிழில் மீகாமன். இதே சொல் லத்தீன் வழியாகப் போய்க் கவர்னர் ஆனது தனிக்கதை. 1948இல் கணிதவியலர் நார்பர்ட் வீனர் ஒரு புதிய துறைக்கு 'சைபர்நெட்டிக்ஸ்' என்று பெயர் வைத்தார். கப்பல் கொஞ்சம் இடப்பக்கம் விலகுகிறது, மீகாமன் அதைப் பார்க்கிறார், சுக்கானைத் திருப்புகிறார், மறுபடி பார்க்கிறார். இந்தப் பின்னூட்டச் சுழல்தான் அந்தத் துறையின் உயிர், அதற்குக் கணினியே தேவையில்லை. அப்புறம் 1980களில் நாவலாசிரியர் வில்லியம் கிப்சன் கணினிகளுக்குள் விரியும் கற்பனை வெளியை 'சைபர்ஸ்பேஸ்' என்றார், அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்துக் குற்றம், போர், சட்டம் என்று கணினி தொட்ட எல்லாவற்றுக்கும் முன்னால் ஒட்டிவிட்டார்கள். சுக்கான் காணாமல் போனது அப்போதுதான்.

சரி, சைபர் பாதுகாப்பைத் தமிழில் என்ன சொல்வது? 'இணையப் பாதுகாப்பு' என்பதுதான் அதிகம் புழங்குகிறது, ஆனால் அது போதாது. 2010இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற நாசகார நிரல், ஈரானின் நடான்ஸ் அணு ஆலைக்குள் இணையம் வழியாகப் போகவில்லை, அங்கிருந்த கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு வெளி இணைப்பே இல்லை. பென்டிரைவ் மூலமாகவும் பரவக்கூடிய நிரல் அது. அதனால் என் ஓட்டு 'மின்வெளிப் பாதுகாப்பு'க்கு. வாயில் வராதவர்கள் சைபர் என்றே சொல்லலாம், தப்பில்லை. 'பாதுகாப்பு' என்ற பின்பாதியில் தமிழ் ஒருபடி மேல் என்றுகூடச் சொல்வேன். 'செக்யூரிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் 'கவலையில்லாமை' என்கிறது, நம் சொல்லிலோ 'காப்பு' இருக்கிறது, காப்பதற்கு ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும்.

விழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 மே மாதம் வான்னாகிரை என்ற, கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் காட்டியது. பிரிட்டனில் பல அரசு மருத்துவமனைகளின் கணினிகள் பூட்டிக்கொண்டன, ஆம்புலன்ஸ்கள் வேறு இடங்களுக்குத் திருப்பப்பட்டன, சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் பேட்சை, அதாவது திருத்த நிரலை, மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. சிகிச்சைக்குக் காத்திருந்தவருக்கும் பேட்சுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அடி விழுந்தது அவர்மேல்தான்.

இங்கேதான் அடுத்த சொல், நிறுவனக் கற்றல், அதாவது ஒரு நிறுவனம் தன் தவறுகளிலிருந்து பாடம் கற்பது. 'நிறுவனம்' என்றதும் கம்பெனி மட்டும் நினைவுக்கு வருகிறது, பள்ளி, மருத்துவமனை, அரசுத் துறை எல்லாமே இதில் அடக்கம். 1970களில் இதை ஆராய்ந்த கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் இதில் இரண்டு வகை பிரித்தார்கள். பாஸ்வேர்ட் கசிந்தது, மாற்றிவிட்டோம் என்பது ஒற்றைச் சுழல். நான்கு பேர் ஏன் ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்ளும்படி வேலையை அமைத்தோம் என்று கேட்பது இரட்டைச் சுழல். சுழல் என்ற சொல்லைக் கவனியுங்கள், வீனரின் மீகாமன் எட்டிப் பார்க்கிறார். ஆனால் பார்த்ததைச் சொன்னால்தானே சுக்கான் திரும்பும். போலி மின்னஞ்சலைக் கிளிக் செய்தவரை எல்லார் முன்னாலும் திட்டும் அலுவலகத்தில், அடுத்த முறை கிளிக் செய்பவர் வாயே திறக்க மாட்டார்.

பிரிட்டிஷ் நூலகம் வேறு மாதிரி நடந்துகொண்டது. 2023 அக்டோபரில் அங்கேயும் பணம் கேட்டுச் சைபர் தாக்குதல், நூல் அட்டவணை உட்படப் பல சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின, பணயத்தொகை கொடுக்கவில்லை. 2024 மார்ச்சில் எங்கே கோட்டைவிட்டோம் என்று அவர்களே ஓர் அறிக்கை எழுதி வெளியிட்டார்கள். பழைய கணினி அமைப்புகள், பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கும் பல கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு சர்வர் என்று தங்கள் குறைகளை மற்ற நூலகங்களும் படிக்கும்படி அதில் எழுதியிருக்கிறார்கள்.