ஹெச்ரெஃப் எல்லா இடத்திலும் ஒன்றல்ல

ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கையில், இராமேசுவரத்தில் விடுதி நடத்தும் ஒருவர் அழைத்தார். அக்னி தீர்த்தம், பாம்பன், தனுஷ்கோடி எனப் புள்ளியிட்டு, தொட்டால் அந்தந்த இடத்தின் விவரப் பக்கம் திறக்கும்படி அமைத்த எஸ்விஜி (கோடுகளையும் வடிவங்களையும் குறியீடாக எழுதும் பட வகை) வரைபடத்துக்குப் பதிலாகப் பிழைச்செய்தி மட்டும் தெரிகிறதாம். “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு தம்பி” என்றார். இவ்வாண்டு இதே கோளாறோடு என்னிடம் வந்த மூன்றாவது தளம் இது.

எச்டிஎம்எல் பக்கத்துக்குள் இருந்த வரைபடத்தை யாரோ வெட்டியெடுத்துத் தனிக் கோப்பாகச் சேமித்திருந்தார்கள். இணைப்பின் முகவரியைத் தரும் ஹெச்ரெஃப் என்ற பண்பு அதில் ‘எக்ஸ்லிங்க்:ஹெச்ரெஃப்’ என முன்னொட்டோடு இருந்தது. எக்ஸ்லிங்க் என்ற முன்னொட்டுக்குரிய நேம்ஸ்பேஸ் அறிவிப்பு, அதாவது அந்த முன்னொட்டு எந்தச் சொற்தொகுதியைக் குறிக்கிறது என்று சொல்லும் வரி, இல்லை. எச்டிஎம்எல்லுக்குள் இருந்தவரை பிரவுசர் அந்த முன்னொட்டைத் தானாகவே புரிந்துகொண்டது. தனிக் கோப்பானதும், எஸ்விஜிக்கு அடிப்படையான எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியின் கண்டிப்பான விதி வந்துவிடுகிறது. அங்கே அறிவிக்கப்படாத முன்னொட்டு பிழையாகும்.

‘இணைப்பு என்றால் ஹெச்ரெஃப், எங்கே எழுதினாலும் ஒன்றுதான்’ என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எச்டிஎம்எல் தொடக்கம் முதலே வெறும் ஹெச்ரெஃபைத்தான் வைத்திருக்கிறது. எக்ஸ்எம்எல் மொழிகளுக்கெல்லாம் பொதுவான இணைப்பு முறையாக, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001 ஜூனில் எக்ஸ்லிங்க் 1.0-ஐ வெளியிட்டது, அதே ஆண்டு செப்டம்பரில் வந்த எஸ்விஜி 1.0 அதை ஏற்றுக்கொண்டது. எச்டிஎம்எல் குழுவோ அதை ஏற்காமல் 2002-இல் எச்லிங்க் என்ற மாற்று வரைவை முன்வைத்தது. அது வரைவாகவே நின்றுபோனது. கணிதச் சமன்பாடுகளை எழுதுவதற்காக 2010-இல் வந்த மேத்எம்எல் 3 வெறும் ஹெச்ரெஃபை எடுத்துக்கொண்டது. கடைசியில் எஸ்விஜி 2-உம் முன்னொட்டைக் கைவிடச் சொல்லி வெறும் ஹெச்ரெஃபுக்கே வந்து சேர்ந்தது. ஒரே அமைப்பிலிருந்து வந்த மொழிகளே இத்தனை வழி பிரிந்து நடந்திருக்க, பார்க்க ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்காக ஓரிடத்துக் குறியீட்டை இன்னோரிடத்தில் அப்படியே ஒட்டுவது சரியன்று.

புதிதாக எழுதுவோர் வெறும் ஹெச்ரெஃபையே எழுதுங்கள். பழைய கைபேசிகளுக்காக இரண்டையும் எழுதினால், அறிவிப்பு வரியையும் சேர்த்து, இரண்டிலும் ஒரே முகவரியைக் கொடுங்கள். எஸ்விஜி 2-இன்படி வெறும் ஹெச்ரெஃபே செல்லும் என்பதால், ஒன்றை மட்டும் திருத்தினால் ஒருவருக்குப் புதிய பக்கமும் மற்றவருக்குப் பழைய பக்கமும் திறக்கும். வரைபடத்தை இமேஜ் குறிச்சொல்லில் செருகாதீர்கள். படம் தெரியும், ஆனால் உள்ளிருக்கும் எந்த இணைப்பும் திறக்காது. ஜாவாஸ்கிரிப்ட் வழியாக முன்னொட்டோடு சேர்ப்பவர்கள் நேம்ஸ்பேஸையும் சேர்த்துக் கொடுக்கும் முறையையே பயன்படுத்த வேண்டும்.

தளத்தில் ஏற்றும் அன்றே அந்தக் கோப்பைத் தனியாகப் பிரவுசரில் திறந்து, ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை அது. தீர்த்தமாட வரும் கூட்டம் ஊருக்குள் இறங்கிய பிறகு அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை.